ரிமோட் ட்ரக் உடையாமல் குதிக்க

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் நகரில் இருசக்கர வாகனப் பட்டறை நடத்தும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பிள்ளைகளின் கேள்விகளும் அவருடைய பதில்களும் கடைசியில் உள்ளன.)



போன கூட்டத்தில் ரிமோட் ட்ரக்கைப் பற்றி இரண்டு புகார்கள் வந்தன. பெற்றோர் சொன்னது: "பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து வாங்கிக் கொடுத்தோம். வாரம் ஒரு தடவை ஏதாவது உடைகிறது. ஸ்பேர் வாங்கியே கட்டுப்படியாகவில்லை." பெரியவர்கள் சொன்னது: "தெருவில் ஓட்டுகிறார்கள். பாவு நீட்டியிருக்கும் இடத்தில் புகுந்தால் என்ன ஆவது?" இரண்டும் நியாயமான புகார். அதனால் காலி மனையில் ட்ரக் ஓட்டுவதையே நிறுத்திவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. முடிவெடுப்பதற்கு முன்னால் நீங்கள் கொஞ்சம் பேசுங்கள் என்று செயலாளர் என்னிடம் சொன்னார்.

உடைந்த ட்ரக்குகளில் பாதி என் பட்டறைக்குத்தான் வருகின்றன. அதனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பூங்காவுக்கு ஒதுக்கிய காலி மனையில், வடிகால் தோண்டியபோது கொட்டிய மண்மேடு இருக்கிறதே, அதில் ஏறும்போது எந்த ட்ரக்கும் உடைவதில்லை. இறங்கும்போதுதான் உடைகிறது. அப்படி உடைவதில் பெரும்பகுதியைக் காசு செலவில்லாமல் தடுக்கலாம். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இறங்கும்போது என்ன நடக்கிறது

பிள்ளைகளே, ஒரு சின்னக் கணக்கு. உங்கள் ட்ரக் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு சுமார் 4.4 மீட்டர், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். அந்த வேகத்தை முழுக்க நிறுத்தியாக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சஸ்பென்ஷன் 5 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்தினால், ட்ரக் மேல் விழும் சராசரி அடி அதன் எடையைப் போல சுமார் 20 மடங்கு. ட்ரக் இரண்டரைக் கிலோ என்றால் 50 கிலோ மூட்டையை மேலே வைத்த மாதிரி. அதே ட்ரக்கின் சஸ்பென்ஷன் இறுகிப் போய் 1 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் 100 மடங்கு. 250 கிலோ. உயரம் அதேதான், ட்ரக்கும் அதேதான். அமுங்கும் தூரம் மட்டும் அஞ்சில் ஒன்றாகக் குறைந்தது, அடி அஞ்சு மடங்கு ஆகிவிட்டது. பிளாஸ்டிக் ஆர்ம் எங்கே தாங்கும்?

ஆனால் மெத்தென்று அமுங்கினால் மட்டும் போதாது. ஸ்பிரிங் வாங்கிய அடியை விழுங்கிவிடாது, வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும். அமுக்கி விட்டால் எம்பும். அந்த எம்பலை அடக்குவது ஷாக்குக்குள் இருக்கும் ஆயில். பிஸ்டனில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக ஆயில் பிதுங்கிப் போகும்போது, விழுந்த வேகம் சூடாக மாறிக் கரைந்து போகிறது. வேகத்தை வாங்கி வைப்பது ஸ்பிரிங், அதைத் தீர்ப்பது ஆயில்.

ஆயில் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்தில் இருக்கும் டமியா கம்பெனி 1987-ல் லஞ்ச் பாக்ஸ் என்று ஒரு ரிமோட் வேனை வெளியிட்டது. பெரிய சக்கரம், மஞ்சள் உடம்பு. முன்பக்கம் தூக்கிப் பின்சக்கரத்தில் ஓடுவதற்குப் பேர் பெற்றது. அதில் ஆயில் ஷாக் கிடையாது, வெறும் ஸ்பிரிங்தான். சின்ன மேட்டில் விட்டாலும் பந்து மாதிரி குதித்துக்கொண்டே போகும். அந்தக் குதிப்புக்காகவே அதை விரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேடு தாண்டி நேராகப் போக வேண்டும் என்றால் அது உதவாது.

நிஜ வண்டிகள் கற்றுக்கொண்டது

நீங்கள் ஓட்டும் ட்ரக்குகளுக்கு மூதாதை அமெரிக்காவின் பிக்ஃபுட். செயின்ட் லூயிஸ் பக்கத்தில் பாப் சாண்ட்லர் என்பவர் தன் ஃபோர்டு பிக்கப்புக்குப் பெரிய பெரிய டயர் போட்டு, 1981-ல் பழைய கார்களின் மேல் ஏற்றிக் காட்டினார். அந்தக் காலத்து மான்ஸ்டர் ட்ரக்குகளில் நம் லாரிக்கு அடியில் இருக்கிறதே, அதே மாதிரி பட்டை ஸ்பிரிங்தான். ஏறி நசுக்கலாம். குதித்து இறங்கினால் வண்டி எம்பித் தள்ளும், ஓட்டுகிறவர் முதுகு போய்விடும். 1989-ல் வந்த எட்டாவது பிக்ஃபுட்டில் கதை மாறியது. குழாயால் செய்த இலேசான சட்டம், நீளமாக அமுங்கும் சஸ்பென்ஷன், நைட்ரஜன் நிரப்பிய ஷாக். பத்து வருஷம் கழித்து, 1999-ல், இன்னொரு பிக்ஃபுட் ஒரு போயிங் 727 விமானத்தையே தாண்டிக் குதித்தது. 202 அடி. அவ்வளவு தூரம் பறக்க இன்ஜின் போதும். பறந்து இறங்கி ஓடிக் காட்ட சஸ்பென்ஷன் வேண்டியிருந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் பக்கத்து வேலூர் வி.ஐ.டி. மாதிரிக் கல்லூரிகளின் மாணவர்கள் பாஹா போட்டிக்கு ஒற்றை ஆள் உட்காரும் வண்டியைத் தாங்களே கட்டுகிறார்கள். மேடு பள்ளம் நிறைந்த மண் பாதையில் மணிக்கணக்கில் ஓட்டி, கடைசி வரை உடையாமல் நிற்கும் வண்டிக்குத்தான் மதிப்பு. அந்த மாணவர்கள் எடையும் ஸ்பிரிங்கும் ஷாக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் உட்காருகிறார்கள். பிள்ளைகளே, நீங்கள் காலி மனையில் செய்யப் போவது அதே வேலைதான். அளவு மட்டும் பத்தில் ஒன்று.

முதலில் தராசு

எதையும் திருகுவதற்கு முன்னால் எடை பாருங்கள். நம் ஊரில் தறி இருக்கிற வீட்டில் பட்டு நிறுக்க எலக்ட்ரானிக் தராசு இருக்கும். வீட்டில் கேட்டு, நூல் வேலை இல்லாத நேரத்தில், ஒரு துணி விரித்துப் பயன்படுத்துங்கள். மண்ணும் கிரீஸும் தராசில் படக்கூடாது.

ட்ரக்கில் பேட்டரியைப் போட்டு, மேல்கூட்டையும் மாட்டுங்கள். பின்சக்கரம் இரண்டும் தராசில், முன்சக்கரம் இரண்டும் தராசின் உயரத்துக்கே அடுக்கிய புத்தகங்களின் மேல். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன்னும் பின்னும் மாற்றி வையுங்கள். அப்புறம் இடது சக்கரங்கள் மட்டும், வலது சக்கரங்கள் மட்டும். நாலு எண் கிடைக்கும்.

போன வாரம் பட்டறையில் நிறுத்த ட்ரக் மொத்தம் 2,400 கிராம். பின்னால் 1,450, முன்னால் 950. மோட்டார் பின்னால் இருந்து பின்சக்கரம் மட்டும் ஓடும் ட்ரக்குக்கு இது சரிதான். அதே ட்ரக்கில் இடது பக்கம் 1,270, வலது பக்கம் 1,130. அங்கேதான் கோளாறு. "எப்பவும் இடது பக்கம் சாய்ஞ்சே விழுது மாமா" என்று அந்தப் பையன் சொன்னதற்குக் காரணம் அந்த 140 கிராம் வித்தியாசம்.

தறிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாவு ஒரு பக்கம் இறுக்கமும் ஒரு பக்கம் தளர்வுமாக இருந்தால் சேலை கோணத்தான் செய்யும். ட்ரக்கும் தரையில் இருக்கும்வரை சக்கரங்கள் தாங்குவதால் ஒரு பக்க எடை தெரியாது. காற்றில் ஏறியதும் பிடிக்க ஆளில்லை, கனமான பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி செய்வது எப்படி? பேட்டரிதான் ட்ரக்கில் அதிகக் கனமான, நகர்த்தக்கூடிய பொருள். பேட்டரி அறையில் இடம் இருந்தால் ஸ்பாஞ்சுத் துண்டை ஒரு பக்கம் வைத்து அதை நகர்த்துங்கள். முன்னால் நகர்த்தினால் மூக்கு கனக்கும், பின்னால் நகர்த்தினால் மூக்கு தூக்கும். அப்படியும் இடம் வலம் சரியாகவில்லை என்றால் டயர் கடையில் கேளுங்கள். கார் சக்கரத்துக்கு வீல் பேலன்சிங் செய்யும்போது ரிம்மில் ஒட்டுகிறார்களே, 5 கிராம், 10 கிராம் எடைத் துண்டு, அதில் சில வாங்கி இலேசான பக்கத்தில் சேசிஸின் அடிமட்டத்தில் ஒட்டுங்கள். எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மேல்கூட்டுக்கு ஸ்டிக்கரும் விளக்கும் ஒட்டி மேலே எடை ஏற்றினால் திருப்பத்தில் கவிழும்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். மழைக்குப் பிறகு ஓட்டினால் சக்கரத்தின் உள்பக்கம் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும். அதுவும் எடைதான். அதைச் சுரண்டிவிட்டு நிறுங்கள்.

நிற்கும் உயரம்

எடை சரியானதும் உயரம். ட்ரக்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சமமாக விடுங்கள். விழுந்து அடங்கியதும் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் ஏறக்குறையத் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஆரம்பிக்க இதுதான் நல்ல இடம். அந்த நிலையில் சக்கரம் மேலே போகவும் இடம் இருக்கும், கீழே இறங்கவும் இடம் இருக்கும்.

கீழே இறங்க எதற்கு இடம் என்று கேட்பீர்கள். பள்ளம் வந்தால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். உயரம் அதிகம் வேண்டும் என்று ஷாக்கை முழுக்கத் திருகி வைத்திருந்தால், நிற்கும்போதே சக்கரம் கடைசி வரை இறங்கியிருக்கும். பள்ளம் வரும்போது இறங்க இடமில்லாமல் ட்ரக் முழுதாகவே குழிக்குள் விழும்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். ஷாக்கின் மேல் இருக்கும் வளையத்தைத் திருகினால், அல்லது ஸ்பிரிங்குக்கு மேல் பிளாஸ்டிக் துண்டைச் சொருகினால், ஸ்பிரிங் 'ஸ்டிஃப்' ஆகிவிடும் என்று எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். ஆகாது. ட்ரக் உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பியிலும் சுற்றிலும் இருக்கிறது. கம்பி 1.2 மில்லிமீட்டரிலிருந்து 1.3 ஆனாலே விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் கூடும். சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். வேறு விறைப்பு வேண்டும் என்றால் வேறு ஸ்பிரிங்தான் போட வேண்டும். வளையத்தை உயரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் சரியா என்பதற்கு இன்னொரு சோதனை. சமதளத்தில் நிறுத்தி, சேசிஸின் முன்பக்க நடுவில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து மெல்லத் தூக்குங்கள். முன்சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் தரையை விட வேண்டும். ஒன்று முன்னால் எழுந்தால் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அல்லது இடது வலது ஷாக்குகளின் இறுக்கம் ஒன்றாக இல்லை. பின்னாலும் இதே மாதிரி பாருங்கள்.

ஆயில்

பட்டறைக்கு வரும் ட்ரக்குகளில் அதிகம் காண்கிற குறை, ஷாக்கில் ஆயில் கசிந்து பாதி காற்றாக இருப்பது. இடது ஷாக்கையும் வலது ஷாக்கையும் கழற்றி, இரண்டையும் நிமிர்த்தி மேசையில் வைத்து, ஒரே நேரத்தில் அமுக்குங்கள். இரண்டும் ஒரே மாதிரி இறங்கி ஒரே மாதிரி எழ வேண்டும். ஒன்று 'புஸ்' என்று சத்தம் போட்டாலோ சீக்கிரம் இறங்கினாலோ அதில் காற்று இருக்கிறது.

நிரப்பும் முறை: ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, பிஸ்டனைக் கீழே இறக்கி, ஆயிலை விளிம்பு வரை ஊற்றுங்கள். பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். குமிழிகள் வரும். அவசரப்படாமல் பத்து நிமிஷம் அப்படியே வைத்துவிடுங்கள். குமிழி நின்ற பிறகு மேல்மூடியைப் போட்டு, மிச்ச ஆயில் வழிய மூடுங்கள்.

எந்த ஆயில்? சிலிகான் ஷாக் ஆயில் மட்டும். பைக் ஃபோர்க் ஆயில், இன்ஜின் ஆயில், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை உள்ளே இருக்கும் ஓ-ரிங்கைக் கெடுத்துவிடும். அதோடு வெயிலில் அவை சட்டென்று மெலியும். சிலிகானும் மெலியும், ஆனால் குறைவாக. 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் சிலிகான் ஆயிலின் கெட்டித்தன்மை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறையும். நம் ஆரணி மே மாத வெயில் உங்களுக்குத் தெரியும். மார்கழிக் காலையில் கச்சிதமாக ஓடிய ட்ரக் சித்திரை மதியத்தில் துள்ளினால் ட்ரக்கைத் திட்டாதீர்கள். வெயில் காலத்துக்கு ஆயிலில் ஒரு படி கெட்டி போடுங்கள்.

பல ட்ரக்குகள் 30 எண் ஆயிலோடு வருகின்றன. 35, 40 என்று ஏற ஏறக் கெட்டி. ஒரு கம்பெனியின் 30-ம் இன்னொரு கம்பெனியின் 30-ம் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். பாட்டிலில் சென்டிஸ்டோக் கணக்கு போட்டிருந்தால் அதைப் பாருங்கள். அதுதான் எல்லோருக்கும் பொதுவான அளவு. ஒரே கம்பெனி ஆயிலையே தொடர்ந்து வாங்கினால் குழப்பம் இல்லை.

ஆயில் சரியா என்று இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, ட்ரக்கின் பின்பக்கத்தை விரலால் அமுக்கி விடுங்கள். எழுந்து நிற்க வேண்டும். எழுந்து, மேலே போய், மறுபடி இறங்கி ஆடினால் ஆயில் மெலிசு. சோம்பேறி மாதிரி மெல்ல மெல்ல எழுந்தால் ஆயில் கெட்டி. இரண்டாவது, முழங்கால் உயரத்திலிருந்து சமமாக விடுங்கள். சேசிஸ் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். 'டம்' என்று அடி தட்டினால் ஆயில் போதாது. தரைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை என்றால் அதிகம். அந்த ட்ரக் அமுங்க வேண்டிய தூரத்தை அமுங்காமல் வீணாக்குகிறது. நான் முதலில் சொன்ன 250 கிலோ கணக்கு அங்கேதான் வரும்.

குதிக்கும் மேடும் குலுக்கும் பாதையும்

இப்போது கொஞ்சம் கஷ்டமான இடம். காலி மனையில் ஒரு பக்கம் பெரிய மண்மேடு. இன்னொரு பக்கம் டிராக்டர் போன தடத்தில் அடுத்தடுத்துச் சின்னச் சின்ன வரப்பு மாதிரிக் குலுக்கல். இரண்டுக்கும் ஒரே மாதிரி ட்ரக்கை அமைக்க முடியாது. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குக் கெடுதல்.

காரணம் பிஸ்டனில் இருக்கிறது. மேட்டிலிருந்து விழும்போது பிஸ்டன் மிக வேகமாக நகரும். ஓட்டை சின்னதாக இருந்தால் அந்த வேகத்தில் ஆயில் புகுந்து போக முடியாமல் முட்டிக்கொள்ளும், ஷாக் திடீரென்று விறைக்கும். பெரிய குதிப்புக்கு அது வேண்டியதுதான், அடி தட்டாமல் காப்பாற்றும். ஆனால் குலுக்கல் பாதையிலும் பிஸ்டன் வேகமாகத்தான் நகரும். அங்கே ஷாக் விறைத்தால் சக்கரம் ஒவ்வொரு வரப்பிலும் தட்டித் தட்டிக் குதிக்கும். பிடிப்பு போய்விடும். ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தாலோ, ஒரு வரப்பில் மேலே போன சக்கரம் அடுத்த வரப்பு வருவதற்குள் கீழே இறங்கியிருக்காது. ட்ரக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் வயிற்றால் உரசும்.

அதனால் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். குதிப்பு அதிகம் என்றால் சின்ன ஓட்டைப் பிஸ்டன், கொஞ்சம் மெலிசான ஆயில். குலுக்கல் அதிகம் என்றால் பெரிய ஓட்டைப் பிஸ்டன், அதற்கு ஈடாகக் கொஞ்சம் கெட்டியான ஆயில். இரண்டும் கலந்த பாதை என்றால் கம்பெனி போட்டுக் கொடுத்த பிஸ்டனையே வைத்துக்கொண்டு ஆயிலை மட்டும் ஒரு படி கூட்டியோ குறைத்தோ பாருங்கள். நம் காலி மனைக்கு அது போதும்.

காற்றில் இருக்கும்போது

மேட்டின் உச்சியில் பின்பக்கம் எம்பி, மூக்கு குத்தி விழுகிறது என்பது நிறையப் பிள்ளைகளின் புகார். முன்சக்கரம் மேட்டை விட்டுப் போன பிறகும் பின்சக்கரம் மேட்டின் விளிம்பில் அமுங்கி, சட்டென்று விடுபட்டு உதைக்கிறது. பின் ஷாக்கில் ஆயிலை ஒரு படி கெட்டியாக்கினால் அந்த உதை அடங்கும். மேட்டின் விளிம்பு செங்குத்தாக இருந்தால் எந்த ஷாக்கும் உதவாது, மண்ணைச் சரியுங்கள்.

காற்றில் போகும்போதும் உங்கள் கையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. த்ராட்டிலை அழுத்தினால் மூக்கு மேலே போகும். பிரேக்கை அழுத்தினால் மூக்கு கீழே இறங்கும். சக்கரம் ஒரு பக்கம் வேகம் எடுத்துச் சுழலும்போது உடம்பு எதிர்ப்பக்கம் திரும்புவதால் இது நடக்கிறது. நாலு சக்கரமும் ஓடும் ட்ரக்கில் இன்னும் நன்றாகத் தெரியும். விட்டு விட்டுத் தட்டிப் பழகுங்கள், ஒரேயடியாக அழுத்தாதீர்கள்.

ஒரு விஷயத்தில் கவனம். முழு த்ராட்டிலில் இறங்கக்கூடாது. காற்றில் பேய் மாதிரிச் சுற்றும் சக்கரம் திடீரென்று தரையைப் பிடிக்கும்போது அந்த அதிர்ச்சி முழுக்க கியரிலும் ஆக்சிலிலும் போய் விழும். என்னிடம் வரும் பல் போன கியர்கள் இப்படித்தான் போனவை. சக்கரத்தின் வேகமும் ட்ரக்கின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி இலேசாக அழுத்திக்கொண்டு இறங்குங்கள். முழு பிரேக்கிலும் இறங்க வேண்டாம்.

பெரிய மேல்கூட்டு இருக்கும் ட்ரக்குகளில் காற்று அடியில் புகுந்து குடை மாதிரித் தூக்கும். மூக்கு எவ்வளவு இறக்கினாலும் இறங்கவில்லை என்றால் கூட்டின் பின்பக்கம் காற்று வெளியேற ஓட்டை வெட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட மலிவான மாற்றம் ஒன்று உண்டு. மண்வெட்டி. இப்போது இருக்கும் மேட்டின் மறுபக்கம் சட்டென்று முடிந்து ட்ரக் கட்டாந்தரையில் விழுகிறது. அந்தப் பக்கம் மண் போட்டு நீளமான சரிவாக இறக்கினால் ட்ரக் சரிவோடு சரிவாக வழுக்கி இறங்கும். தரையில் மோதும் வேகம் வெகுவாகக் குறையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்துப் பிள்ளைகள், நாலு மண்வெட்டி. வேலை முடிந்தது.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்

பிள்ளைகளே, இதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஆயிலையும் ஸ்பிரிங்கையும் பேட்டரி இடத்தையும் ஒரே நாளில் மாற்றினால், ட்ரக் நன்றாக ஓடினாலும் எதனால் என்று தெரியாது, கெட்டாலும் எதனால் என்று தெரியாது.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். தேதி, வெயிலா மேகமா, தரை காய்ந்ததா ஈரமா, ஆயில் எண், ஸ்பிரிங் நிறம், பேட்டரி இடம், என்ன மாற்றினோம், என்ன ஆனது. அதே மேடு, அதே வேகம், மூன்று தடவை ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். உங்கள் வீட்டுத் தாத்தா தறியில் உட்காரும்போது ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொட மாட்டார். ஒன்றைத் தொட்டு, நாலு இழை ஓட்டி, பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். அந்தப் பொறுமைதான் இது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ட்ரக்கை உடைத்துக்கொண்டு வந்தால் உடனே ஸ்பேர் வாங்கிக் கொடுக்காதீர்கள். "நோட்டைக் காட்டு" என்று கேளுங்கள். எதனால் உடைந்தது என்று அவன் எழுதிக் காட்டினால், அவள் எழுதிக் காட்டினால், வாங்கிக் கொடுங்கள்.

பேட்டரியும் பாவும்

கடைசியாக இரண்டு விஷயம். இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஒன்று லிப்போ பேட்டரி. இரண்டு செல் பேட்டரி என்றால் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. பலமாக விழுந்து அடிபட்ட பேட்டரியும் உப்பிய பேட்டரியும் மறுபடி சார்ஜில் போடக்கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி ஒரு நொடியில் அணைக்கும் தீ இல்லை அது. பட்டு, ஜரிகை, மரத்தறி, அட்டை என்று நம் வீடுகளில் இருப்பது எல்லாம் எரியும் சரக்கு. ஒரு சேலைக்கான பாவு எத்தனை பேருடைய எத்தனை நாள் கூலி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் தறி இருக்கும் அறையில் சார்ஜ் போடக்கூடாது. ராத்திரி தூங்கும்போது போடக்கூடாது. சிமென்ட் தரையில், மண் சட்டிக்குள் வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

இரண்டாவது பாவு. காலையில் தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது அந்தத் தெருவில் ட்ரக் தரையில் இறங்கவே கூடாது, கையில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். சக்கரத்தில் பட்டு நூல் சுற்றினால் ட்ரக்குக்குப் போவது ஒரு ஆக்சில். அந்த வீட்டுக்குப் போவது ஒரு மாதச் சாப்பாடு.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். தடை போட்டால் பிள்ளைகள் தெருவில் ஓட்டுவார்கள். காலி மனையைக் கொடுத்தால் தெரு காலியாகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். மேட்டைச் சரிவாக்க அனுமதி கொடுங்கள். எந்தப் பிள்ளையின் ட்ரக்கையும் நான் காசு வாங்காமல் நிறுத்துப் பார்த்துத் தருகிறேன்.



கேள்வியும் பதிலும்

"மாமா, என் ட்ரக் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான். அதில் ஆயில் ஷாக் இல்லை. நான் என்ன செய்வது?"

பரவாயில்லை கண்ணு. தராசு வேலை உனக்கும் உண்டு, சரிவில் இறங்குவது உனக்கும் உண்டு, நோட்டும் உண்டு. உன் ட்ரக் துள்ளும், அதனால் சின்ன மேட்டில் ஓட்டு. எடையை மட்டும் சரி செய்து பார்.

"விலை அதிகமான அலுமினிய ஷாக் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?"

அலுமினிய ஷாக் கசிவு குறைவு, நீடித்து உழைக்கும். ஆனால் அதையும் நீதான் ஆயில் ஊற்றிச் சரி செய்ய வேண்டும். இப்போது இருக்கும் பிளாஸ்டிக் ஷாக்கைச் சரியாக அமைக்கத் தெரிந்த பிறகு வாங்கு. அப்போதுதான் கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று உனக்குத் தெரியும்.

"பொம்பளைப் பிள்ளைகளும் வரலாமா?" (ஒரு பாட்டியின் கேள்வி)

தாராளமாக அம்மா. போன வாரம் ஷாக்கில் காற்று இல்லாமல் ஆயில் நிரப்பிக் காட்டியது உங்கள் பேத்திதான். பத்து நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான்.

(உரைக்குப் பின் செயற்குழு கூடி, காலி மனையில் ஞாயிறு காலை 6 முதல் 8 மணி வரை ரிமோட் ட்ரக் ஓட்ட மூன்று மாதங்களுக்குச் சோதனை முறையில் அனுமதி அளித்துள்ளது. தெருவில் ஓட்ட அனுமதி இல்லை. மேட்டைச் சரிவாக்கும் பணிக்கு மண்வெட்டி தர விரும்புவோர் செயலாளரிடம் தெரிவிக்கவும்.)